முதல் சஹனில் ஸஜாத் சேர்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதன் பிறகு நெடுங்காலம் சும்மா இருந்தது. கடைசியாகக் கல்முனைக் கரையோரத்தில், கடலிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில், என் மனைவியின் வீட்டு முன்னறையில் 'செல்வாக்கியல்' வந்து இறங்கியது. இறக்கியவன் நான். இதைப் பற்றி நானே பெருமை பேசக் கூடாது என்று பலமுறை நினைத்ததுண்டு. வேறு யாரும் பேசாதபடியால் அந்தப் பொறுப்பும் என் தலையில் விழுந்துவிட்டது.

செல்வாக்கியல் என்பது மனிதன் மனிதனை ஆளும் கலை. அதற்கு இரண்டு பாகங்கள். முதலாம் பாகம் 'பிறரைப் பிடித்தல்'. இரண்டாம் பாகம் 'பிறர் பிடியில் சிக்காதிருத்தல்'. இரண்டையும் ஒரு வெளிநாட்டுக் கல்லூரியில் இணைய வழியாகக் கற்றுத் தேறினேன். அந்தக் கல்லூரி எந்த நாட்டில் இருக்கிறது என்று அவர்கள் கடைசிவரை சொல்லவில்லை. தன்னைப் பற்றிய விபரங்களை மறைத்து வைப்பதுதான் முதலாம் பாகத்தின் முதலாவது பாடம் என்பதால் அவர்கள் மீது எனக்கு மதிப்புக் கூடியது. சான்றிதழ் வாட்ஸ்அப்பில் வந்தது. அதைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, முன்னறைச் சுவரில் மாட்டினேன்.

மனைவி றுஸ்தா வந்து பார்த்தாள். சான்றிதழை வாசிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஆணியைத்தான் பார்த்தாள்.

"ஆரிட்டக் கேட்டு இந்தச் செவத்தில ஆணி அடிச்சீங்க?"

கேள்வி நியாயமானது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்த கையோடு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். ஆகவே, உலகத்தை ஆளும் கலையை நான் படித்த அறையும், படிக்கும்போது இருந்த கதிரையும், ஆணி இறங்கிய சுவரும் றுஸ்தாவுக்குச் சொந்தம். பெரிய பெரிய சாம்ராச்சியங்கள் எல்லாம் இப்படி அடுத்தவர் காணியில்தான் ஆரம்பமாகின என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தொழிலால் நான் ஓர் அபிவிருத்தி உத்தியோகத்தர். எந்தக் காரியாலயம் என்பது வேண்டாம். அங்கே அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் அதிகம், கதிரைகள் குறைவு. முந்தி வருகிறவர் உட்காருவார். பிந்தி வருகிறவர் 'களப்பணி'க்குப் போவார். கற்ற வித்தையை முதலில் அங்கே பரீட்சித்துப் பார்த்தேன். பாடத்தின் பெயர், 'முதலில் பேசுகிறவர் தோற்கிறார்'. டெங்கு ஒழிப்பு வாரத்துக்கான கூட்டத்தில் விரல்களைக் கோத்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல், மேலதிகாரி மேனுஜா மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஸஜாத், என்ன ஒண்டும் கதைக்காம இருக்கிறீங்க? சுகமில்லையா?"

நான் மெல்லத் தலையை அசைத்தேன். ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். அப்படி ஓர் அசைவு இருக்கிறது. அதைப் பழக எனக்கு ஒரு வாரம் எடுத்தது.

"அப்ப ஆட்சேபணை இல்ல. வாய்க்கால் துப்புரவுக் குழுவுக்கு ஸஜாத் தலைவர் எண்டு எழுதிக்கொள்ளுங்க."

அந்த வாரம் முழுக்க முழங்கால் அளவு சேற்றில் நின்றேன். என்றாலும் 'தலைவர்'. வித்தை கற்றுப் பத்து நாளைக்குள் பதவி கிடைத்துவிட்டது என்று சேற்றோடு எடுத்த படத்தை, செல்வாக்கியல் பாடங்களைப் பரப்ப நான் தொடங்கிய ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இனிமேல் எல்லோரும் என்னை மரியாதையாக 'ஸஜாத் சேர்' என்றே அழைக்க வேண்டும் என்ற அறிவித்தலையும் கீழே சேர்த்துவிட்டேன். அதற்குப் பலர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கிற முகம் போட்டிருந்தார். அவரைக் குழுவிலிருந்து நீக்கினேன்.

இப்படி என் புகழ் பரவிக்கொண்டிருந்த வேளையில்தான் எங்கள் மாமா, உம்மாவின் தம்பி, மவுத்தானார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்ளட்டும். அவர் எங்கள் குடியின் மரைக்கார். வெளியூர் வாசகருக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒவ்வொருவரும் ஒரு குடியைச் சேர்ந்தவர். குடி, உம்மாவின் வழியாக வரும். பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு கதிரை உண்டு. அதில் இருக்கிறவர் மரைக்கார். குடிக்குள் கல்யாணம் என்றாலும் சண்டை என்றாலும் முதலில் அவர் வாசலுக்குத்தான் வருவார்கள். சம்பளம் இல்லை, நிம்மதியான நித்திரையும் இல்லை, ஆனால் கதிரை நிச்சயம். காரியாலயத்தில் நின்றுகொண்டே அபிவிருத்தி செய்யும் ஒருவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்கத் தேவையில்லை.

அந்தக் கதிரைக்குக் குடியில் இரண்டு பேர் இருந்தோம். ஒன்று நான். மற்றது உம்மாவின் தங்கையான சாச்சியின் மகன் முபாறக்.

முபாறக்கைப் பற்றி நடுநிலையாகச் சொல்வதென்றால், அவன் ஒரு சோம்பேறி. ஆட்டோ உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறான். வெயில் ஏறியபின் திறப்பான், பகல் சாப்பாட்டுக்கு மூடுவான், ஞாபகம் வந்தால் திரும்பத் திறப்பான். இரவல் வாங்கிய பொருள் எதையும் அவன் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரத்தில் இல்லை. ஒவ்வொரு நாளும் என் மூத்த சகோதரி சுபைறா ராத்தாவின் வீட்டுக்குப் போவான். பாசம் என்று நினைக்க வேண்டாம். ராத்தாவின் மீன் குழம்புக்காக, எங்கள் பேச்சில் மீன் ஆணத்துக்காகப் போவான். வாசலில் சலாம் சொல்லிக்கொண்டே நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்க்கிற சாதி. செல்வாக்கியலின் அளவுகோலில் அவன் பூச்சியத்துக்கும் கீழே நின்றான்.

சுபைறா ராத்தாவின் வீடு முன்பு உம்மாவின் வீடு. மூத்த மகளுக்கு என்று அது போனது. நான் பிறந்ததும் நடை பழகியதும் அங்கேதான். உம்மாவுக்குப் பிறகு குடியின் பெண்கள் ராத்தாவின் சொல்லைத்தான் கேட்பார்கள். எங்கள் ஊரில் ஆண்கள் கூட்டம் கூடித் தாடியைத் தடவி முடிவெடுப்பார்கள். அந்த முடிவை முதல்நாளே பெண்கள் எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். ஆகவே, கதிரைக்குப் போகும் பாதை ராத்தாவின் வாசல் வழியாகப் போனது. சாதாரண மனிதனாக இருந்தால் உடனே ராத்தா வீட்டுக்கு ஓடியிருப்பான். நான் கற்றவன். போவதை நிறுத்தினேன்.

இதற்கு 'அருமை காட்டல்' என்று பெயர். அடிக்கடி கண்ணில் படுகிற பொருளுக்கு மதிப்பில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ராத்தா வீட்டில் சாப்பிடுகிற வழக்கத்தை விட்டேன். தொலைபேசியையும் எடுப்பதில்லை.

"ராத்தா எடுக்கிறா. தூக்குங்களன்," என்றாள் றுஸ்தா.

"அடிக்கட்டும் புள்ள. மூணு நாலு தரம் அடிச்சாத்தான் நமக்கு மதிப்பு வரும்."

"ஒங்களுக்கு மதிப்பு வர முதல் அவட போன்ல சார்ஜ் முடிஞ்சிரும்."

அந்த வாரமே ராத்தா ஒரு நீலக் கண்ணாடிக் கோப்பையில் தேங்காய்ப்பால் வட்டிலாப்பம் கொடுத்தனுப்பினார். இது சாதாரண விஷயம் என்று பாமரர் நினைப்பார்கள். இரண்டாம் பாகம் தெளிவாகச் சொல்கிறது: 'பெற்ற உதவி ஒரு கயிறு'. வாங்கியவன் கட்டப்படுவான். ஆகவே வட்டிலாப்பத்தைத் தொடாமல் திருப்பியனுப்பத் தீர்மானித்தேன். தீர்மானத்தை நிறைவேற்ற முன்பு, ஆராய்ச்சிக்காக ஒரு கரண்டி ருசி பார்த்தேன். ஆராய்ச்சி கோப்பையின் அடிவரை போய்விட்டது.

எங்கள் ஊரில் கறி, பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள். றுஸ்தா சீனிப் போத்தலை எடுத்தாள். நான் தடுத்தேன்.

"வெறுங்கோப்பையா போகட்டும். அது ஒரு செய்தி."

"என்ன செய்தி?"

"நாம ஒருத்தருக்கும் கட்டுப்பட்ட ஆக்கள் இல்லை எண்ட செய்தி."

"வட்டிலாப்பத்த வழிச்சித் திண்டுபோட்டா?"

அவளோடு வாதாடிப் பயனில்லை. கோப்பையைக் கழுவி நானே கொண்டு போனேன். ராத்தா வீட்டு மதிலில் வைத்துவிட்டுக் கூப்பிடாமல் திரும்பினேன். உள்ளே முபாறக்கின் சிரிப்புச் சத்தம் கேட்டது. மீன் பொரிக்கிற வாசமும் வந்தது. இரண்டையும் பொருட்படுத்தவில்லை.

நான் எதிர்பார்த்தபடியே ஒரு கிழமைக்குள் ராத்தா என்னைத் தேடி வந்தார். 'அவர்களை உன்னிடம் வரவை' என்ற பாடம் அப்படியே பலித்துவிட்டது. ஒழுங்கை முனையில் அவருடைய குடையைக் கண்டதும் ஏற்பாடுகளில் இறங்கினேன். பேச வருகிறவரைத் தாழ்வான இடத்தில் இருத்த வேண்டும், நாம் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. சின்னப் பிளாஸ்டிக் முக்காலியை முன்னால் போட்டேன். என் கதிரையில் இரண்டு தலையணைகளை அடுக்கி அதன் மேல் ஏறி இருந்துகொண்டேன்.

ராத்தா உள்ளே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னடா, தலகாணிக்கு மேல இரிக்காய்? மூலமா?"

"இல்ல. சும்மா."

"வெக்கப்படாதடா. எனக்கும் ஒருக்கா வந்த. துத்தி இலையைச் சுண்டித் தின்னு, போயிரும்."

சொல்லிக்கொண்டே முக்காலியைக் காலால் தள்ளிவிட்டு, இடுப்பு நாரி நோகிறது என்று தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். எதிராளி தானாகவே தரைக்கு இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று பாடத்தில் இல்லை. கையில் அதே நீலக் கோப்பை இருந்தது.

"மதில்ல கிடந்திச்சி. பூனை தட்டிருமெண்டு எடுத்து வச்சன். இந்தா, இறால் பொரிச்ச. ஒனக்கு விருப்பமெண்டு."

கயிறு மறுபடியும் வந்துவிட்டது. நான் கோப்பையைப் பார்க்காமல் சான்றிதழைப் பார்த்தேன்.

"ஸஹ்றாட காரியம் முடிவாகிட்டு. மாப்பிள்ளை அக்கரைப்பற்று. ஹஜ்ஜிப் பெருநாள் முடிய வாற வெள்ளிக்கிழமை. மச்சான் கட்டாரில இரிந்து முதல்நாள்தான் வந்து இறங்கிறாராம். எனக்குக் கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல. நீ வந்து நில்லுடா. மாப்பிள்ளையக் கையப் பிடிச்சி இறக்கிறதும் நீதானே."

ஸஹ்றா ராத்தாவின் ஒரே மகள். கூடப் பிறந்தவர்கள் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில், வருகிற மாப்பிள்ளையைக் கைபிடித்துப் பந்தலுக்குள் கூட்டி வருவது பெண்ணின் மாமா. ஸஹ்றாவை முதன்முதல் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவன் நான். வழி நெடுக அழுது என் சேட்டு முதுகை நனைத்து வைத்தாள். அவளுக்குக் கல்யாணம் என்றதும் எனக்குள் ஏதோ இளகியது. உடனே இறுக்கிக்கொண்டேன். 'எதிராளியின் தேவை தெரிந்துவிட்டால் விடையைத் தாமதி' என்பது விதி.

"யோசிச்சுச் சொல்றன்," என்றேன்.

"இதில என்னத்த யோசிக்கப் போறாய்?"

"பல விஷயம் இரிக்கி. மரைக்கார் போடக் குடிக் கூட்டமும் வருது..."

"அதுக்கும் இதுக்கும் என்னடா?"

"ஒண்டுமில்ல. ஒரு சின்ன விஷயம்தான். கூட்டத்தில நாலு பேருக்கு முன்னால என்னைய 'டேய்' எண்டு கூப்பிடாதீங்க."

"பின்ன எப்பிடிக் கூப்பிடுற?"

"சேர் எண்டு."

ராத்தா சிரிக்கத் தொடங்கினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "ஒனக்கு மூக்குச் சிந்திவிட்டு வளத்தவ நான். சேராம் சேர்!" அடுப்படியில் றுஸ்தாவும் சிரித்தாள். பிறகு ராத்தா என் முகத்தைப் பார்த்தார். நான் இமைக்கவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது.

"மெய்யாத்தான் சொல்றியா?"

முதலில் பேசுகிறவர் தோற்கிறார். நான் பேசவில்லை. ராத்தா சுவரைப் பிடித்து எழும்பி, "சரி," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். வெற்றி என் பக்கம்தான் என்பதில் ஐயமில்லை. இறால் பொரியலும் நன்றாக இருந்தது.

குடிக் கூட்டம் ராத்தா வீட்டில் அசர் தொழுகைக்குப் பின் கூடியது. நான் வேண்டுமென்றே பிந்திப் போய், எல்லோரும் என்னைப் பார்க்கிற இடமாகத் தேடி உட்கார்ந்தேன். குடியில் வயதுக்கு மூத்தவரான முகைதீன்பாவா காக்கா தொண்டையைக் கனைத்தார்.

"மரைக்கார் கதிரை வெறுமையாக் கிடக்கு. கல்யாணமும் வருது. ஆரப் போடுவம்? சொல்லுங்க."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. சபை முழுக்க அப்படியொரு மௌனம். என் வாட்ஸ்அப் பாடங்களை எல்லோரும் படித்திருக்கிறார்கள் என்று புளகாங்கிதம் அடைந்தேன். தேத்தண்ணி வரட்டும் என்றுதான் காத்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

"ஸஜாத், நீ எப்பிடி? விருப்பமா?"

ஆசையை வெளியே காட்டுகிறவன் அடிமை. நான் அந்தத் தலையசைப்பை அசைத்தேன்.

"இது ஓமா, இல்லையா?" என்று காக்கா பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்.

"கழுத்து நோவாக்கும் காக்கா. அண்டைக்கு வாய்க்காலுக்குள்ள நிண்டவரெல்லுவா."

அப்போது உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "காக்கா, முபாறக்கைப் போடுங்க."

முபாறக் அடுப்படியிலிருந்து வெளியே வந்தான். கையில் பாதி தின்ற பொரித்த மீன். "என்னையா? எனக்கு ஏலா ராத்தா. கடை இரிக்கி."

"நீ திறந்த கடைய ஆருடா கண்ட?"

சபை சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். அவமானத்துக்குத் தானே சிரிக்கிற ஒருவனைக் கதிரையில் இருத்தலாமா என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே காக்கா கேட்டார்:

"ஏன் புள்ள, ஸஜாத் படிச்சவன்தானே?"

"படிச்சவர்தான் காக்கா. ஆனா, மரைக்கார் எண்டா நேரங்காலம் பாக்காமக் கூப்பிட்டு ஏசுறத்துக்கு ஒரு ஆள் வேணும். முபாறக்க ஏசலாம். இண்டைக்கு ஏசினா நாளைக்கும் வருவான். ஸஜாத் சேரை எப்பிடி ஏசுற?"

ராத்தாவின் வாயால் 'சேர்'! அதுவும் நாலு பேருக்கு முன்னால். அந்தச் சந்தோசத்தில், கதிரை போய்விட்டதை நான் உடனே கவனிக்கவில்லை. முகைதீன்பாவா காக்கா பாத்திஹா ஓதி முடித்து, தேத்தண்ணியும் வாழைப்பழமும் வந்த பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் றுஸ்தாவிடம் நிலைமையை ஆராய்ந்து விளக்கினேன். "ராத்தா சாதாரண ஆள் இல்ல புள்ள. எங்கயோ ரகசியமா இரண்டாம் பாகம் படிச்சிரிக்கா."

"அவ ஒண்டும் படிக்கல்ல. நீங்க படிப்பிச்ச," என்றாள் றுஸ்தா. விளக்கம் கேட்டேன். விளக்கை அணைக்கச் சொன்னாள்.

கதிரை போனால் போகட்டும், கல்யாணம் இருக்கிறது. அதில் நான் இன்னும் விடை சொல்லவில்லை. ராத்தா மறுபடியும் வந்து கேட்பார், கெஞ்சுவார், நான் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதிப்பேன், மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நடக்கும்போது குடி முழுக்கப் பார்க்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ராத்தா வரவில்லை. தொலைபேசியும் அடிக்கவில்லை. ஒரு தடவை, பழுதாகிவிட்டதோ என்று றுஸ்தாவின் போனிலிருந்து அடித்துப் பார்த்தேன். நன்றாக வேலை செய்தது.

ராத்தாவுக்குப் பதிலாக முபாறக் வந்தான். வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே ஓர் உறையை நீட்டினான்.

"சேர், கட்டாயம் வரோணும்."

கல்யாண அழைப்பிதழ். உறையின் மேல் தங்க நிறப் பேனையால் 'ஜனாப் எம். ஸஜாத் சேர் குடும்பத்தினர்' என்று எழுதியிருந்தது. எங்களுக்குள் சொந்தக் குடும்பத்துக்கு அழைப்பிதழ் கொடுப்பதில்லை. அது வெளியாருக்கு. என் பெரியப்பா பிள்ளைகளுக்குக் கிடைக்காத, சாச்சியின் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குத் தேடி வந்திருக்கிறது. அதைச் சான்றிதழுக்குப் பக்கத்தில் செருகி வைத்தேன்.

"பாத்தியா புள்ள? நமக்குத் தனி அழைப்பு. வா, ரெண்டு பேரும் சேர்ந்து போவம்."

"எனக்கென்னத்துக்கு அழைப்பு? நான் மூணு நாளா அங்கதான் பலகாரம் சுடுறன்," என்றாள் றுஸ்தா. தேங்காய்த் திருவலையைத் தூக்கிக்கொண்டு அவள் ராத்தா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கல்யாணத்தன்று கோட்டும் சூட்டும் போட்டு, அத்தர் பூசிக்கொண்டு போனேன். வெயில் கொளுத்தியது. பந்தலுக்கு முன்னால் மாப்பிள்ளையின் கார் வந்து நின்றதும், யாரும் சொல்லாமலே என் கை தானாக நீண்டது. அதற்கு முன்பே இன்னொரு கை அங்கே போயிருந்தது. முபாறக். சாரத்தை மடித்துக் கட்டி, வேர்வையில் குளித்து, அப்படியே சோறு வேகிற கிடாரத்தடியிலிருந்து ஓடி வந்திருந்தான். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பந்தலுக்குள் கூட்டிப் போனான். அந்தக் கை வெங்காயம் மணத்தது. நீட்டிய கையால் நான் என் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

பின்பக்கம் சமையல் நடக்கிற இடத்துக்குப் போனேன். பெரிய தட்டுகளில் சோற்றைக் குவித்து, மேலே கோழியை வைத்து, சஹன்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். நான் ஒரு தட்டைத் தூக்கப் போனேன்.

"ஐயோ சேர், கோட்டில எண்ணெய் பட்டிரும். விடுங்க."

"இல்ல, நானும் ஒண்டத் தூக்குறன்."

"என்ன சேர் நீங்க. முன்னுக்குப் போய் இரிங்க, முதல் சஹனுக்கு."

முதல் சஹன்! சின்ன வயதிலிருந்து இந்த வீட்டில் எத்தனையோ விருந்துக்கு நான் சாரத்தை மடித்துக் கட்டிப் பரிமாறியிருக்கிறேன். வீட்டு ஆண்கள் எல்லாம் அப்படித்தான். ஊர் சாப்பிட்டு முடிந்த பிறகு கிடாரத்தடியில் குந்திக்கொண்டு, அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டி, ஒருவர் கையிலிருந்ததை மற்றவர் பிடுங்கிச் சாப்பிடுவோம். முதல் சஹனில் யார் இருக்கிறார்கள் என்று அப்போது எட்டிப் பார்ப்பேன். பெரிய மனிதர்கள் இருப்பார்கள். இன்று நான் இருந்தேன்.

தண்ணீர்க் கெண்டியோடு முபாறக் வந்தான். எங்கள் குடியின் புதிய மரைக்கார், எனக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினான். என் கல்லூரிக்காரர்கள் இதைப் பார்த்திருந்தால் அடுத்த பதிப்பின் அட்டையில் போட்டிருப்பார்கள்.

"நல்லாக் கழுவுங்க சேர்," என்றான். அவன் முகத்தில் கிண்டலைத் தேடினேன். மருந்துக்கும் இல்லை. அடுத்தவருக்கு ஊற்றப் போய்விட்டான்.

சஹனைச் சுற்றி மற்ற ஐந்து பேரும் அக்கரைப்பற்று ஆட்கள். முழுக் கோழி என் பக்கமாகத்தான் இருந்தது. எதிரே இருந்த தாடிக்காரர் அதைப் பிய்த்துக்கொண்டே என்னை விசாரித்தார்.

"நீங்க ஆரு? மாப்பிள்ளைட பக்கமா, பொம்புளைட பக்கமா?"

முதலில் பேசுகிறவர் தோற்கிறார். வாயை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், விதி ஞாபகத்தில் இருக்கவில்லை. பெண்ணின் மாமா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பெண்ணின் மாமா முதல் சஹனில் கோட்டோடு என்ன செய்கிறார் என்று அவர் கேட்டால் பதில் இல்லை. ஆகவே தலையை அசைத்தேன்.

"ஓ, அரசாங்கக் கந்தோர் ஆளாக்கும்," என்று அவரே முடிவு செய்தார். பெரியதொரு தொடையைப் பிய்த்து என் பக்கம் வைத்தார். "வெக்கப்படாமச் சாப்பிடுங்க. ஒங்கட ஊடு மாதிரி நினைச்சுக்கங்க."

நான் பிறந்த வீட்டில், நான் விழுந்து விழுந்து நடை பழகிய முற்றத்தில், அன்று காலையில் அக்கரைப்பற்றிலிருந்து வந்து இறங்கியவர் எனக்கு இதைச் சொன்னார். தண்ணீர் குடித்தேன். கண்ணில் நீர் வந்ததற்குக் காரணம் மிளகு என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

வெளிக்கிடும்போது ராத்தா வாசலில் நின்றார். போகிற விருந்தாளிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் பெட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்றை, வலது கையால், இடது கையைத் தாங்கக் கொடுத்து, மரியாதையாக நீட்டினார்.

"வந்ததுக்குச் சந்தோசம் சேர்."

கோபமாகச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். ராத்தா கோபமாக இல்லை. மேனுஜா மேடத்துக்குச் சொல்வதுபோல் சொன்னார். செல்வாக்கியல் கற்ற நாளிலிருந்து முதல்தடவையாக நான் விதியை மீறி முந்திப் பேசினேன்.

"ராத்தா, நான் வந்து..."

அவர் ஏற்கனவே அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். "டேய் முபாறக்! சட்டிய மூடாம எங்கடா போனாய்? காகம் வாய் வைக்கப் போகுதுடா, அறிவு கெட்டவனே!" முபாறக் பல்லைக் காட்டிக்கொண்டு ஓடினான். நான் பெட்டியைப் பிடித்தபடி நின்றேன். பிறகு எனக்குப் பின்னால் விருந்தாளிகள் நின்றதால் நகர்ந்து வழிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து வெகுநேரத்துக்குப் பிறகு றுஸ்தா வந்தாள். சேலை முழுக்க மாவும் எண்ணெயும். கையில் அந்த நீலக் கோப்பை. ஓரம் கருகி முறுகிய அடிச்சோறு அதில் நிறைய இருந்தது.

"ராத்தா தந்தா. கிடாரத்தடியில எல்லாரும் சுரண்டித் திண்டம். முபாறக் காக்கா பிடுங்கப் பாத்தாரு, விடல்ல."

"எனக்குக் கொஞ்சம் தா புள்ள."

"நீங்க முதல் சஹன்ல கோழி திண்டவர்தானே சேர்," என்றாள். ஆனாலும் ஒரு பிடி தந்தாள். விருந்தாளிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு துண்டு மஞ்சள் கேக்கும், 'தங்கள் வருகைக்கு நன்றி' என்று அச்சடித்த ஒரு சின்னக் காகிதமும் இருந்தன.

ஆகவே, செல்வாக்கியல் பயில விரும்பும் அன்பர்களுக்கு என் சோதனையின் பெறுபேற்றை இத்தால் அறியத் தருகிறேன். முதலாம் பாகமான 'பிறரைப் பிடித்த'லில் சில நடைமுறைச் சிக்கல்கள் உள்ளன, யாரும் பிடிபடவில்லை. இரண்டாம் பாகமான 'பிறர் பிடியில் சிக்காதிருத்த'லில் முழு வெற்றி. காரியாலயத்தில் சேர். கடைத்தெருவில் சேர். உம்மாவின் வீட்டிலும் சேர். இந்த உலகத்தில் என்னை 'டேய்' என்று கூப்பிட இனி ஒருவரும் இல்லை.